கைராசிக்காரர்

அன்பழகனுக்குக் கைராசி என்று காரைக்காலில் ஒரு பேச்சு உண்டு. அலைவழி இன்டர்நெட் கம்பெனியின் லைன் எங்கே படுத்தாலும், அவர் வந்து தொட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுமாம். "வேற யாரையும் அனுப்பாதீங்க, அன்பழகன் சாரை அனுப்புங்க" என்று வாடிக்கையாளர்கள் போனில் அடம்பிடிப்பார்கள். அவரும் இதை மறுத்ததில்லை. யாராவது புகழ்ந்தால் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அடக்கம் கால் பங்குதான், மிச்சமெல்லாம் பெருமை. அம்பகரத்தூரில் நெல் போடுகிற குடும்பத்தில் பிறந்து, படித்து, கம்பெனியின் அத்தனை ரூட்டர்களுக்கும் பொறுப்பாளராக உட்கார்ந்தவர். பெருமைப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று நாமும் விட்டுவிடலாம்.

வினை ஒரு சனிக்கிழமை வந்தது.

அன்று திருநள்ளாறு சாலையில் உள்ள ஒரு தனியார் மையத்தில், வங்கி வேலைக்கான கணினித் தேர்வு. மையத்துக்கு லைன் கொடுத்திருப்பது அலைவழி. பாதித் தேர்வில் எல்லாத் திரைகளும் அப்படியே நின்றுபோயின. பிள்ளைகள் மவுஸை நகர்த்திப் பார்த்தார்கள், கையைத் தூக்கினார்கள், ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். கடைசியில் தேர்வு ரத்து என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். மறுதேர்வு உண்டா இல்லையா என்று கேட்டால், எங்களுக்கும் தெரியாது என்றார்கள். வருஷக்கணக்கில் படித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மையத்தில் கத்திவிட்டு, நேரே கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதலாளி சிவக்குமார் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டே வியர்த்து வழிந்தார். கத்துகிற கூட்டத்துக்கு அவர் யாரையாவது காட்டியாக வேண்டும்.

காட்டுவதற்கு ஆள் தோதாக இருந்தாள். பெயர் வினோதா. இன்ஜினியரிங் முடித்து அன்பழகனின் கீழ் வேலைக்குச் சேர்ந்தவள், பூவத்துப் பெண். வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி. மனதில் பட்டதை எவர் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவாள் என்பதால் ஆபீசில் அவளுக்கு வேண்டியவர்கள் குறைவு. அன்று காலையில், தேர்வு தொடங்குவதற்கு முன், மெயின் லைனில் பழுதாகப் போகிற நிலையில் இருந்த ஒரு பாகத்தை மாற்றியது அவள்தான். கொஞ்ச நேரம் லைன் போய் வந்தது. காலையில் கை வைத்தவள் இவள்தானே என்று எல்லாக் கண்களும் அவள்மேல் திரும்பிவிட்டன.

சிவக்குமார் வினோதாவையும் அன்பழகனையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"மெயின் லைன்ல ஒரு கோளாறும் இல்லைங்க சார்" என்றாள் வினோதா. "நான் மாத்தி முடிச்சதும் நல்லா வந்துருச்சு. தேர்வு நின்னப்பகூட அது உசுரோடதான் இருந்துச்சு. ரூட்டர்தான் அதைத் திரும்பியே பார்க்கலை. மேல யாரோ கையால எழுதின வழி ஒண்ணு உக்காந்திருக்கு சார். நான் என் கண்ணால பார்த்தேன்."

சிவக்குமாருக்கு அவள் சொன்னதில் பாதி புரியவில்லை. அவர் அன்பழகனைப் பார்த்தார்.

"அந்த ரூட்டர்ல இருக்கற ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம் சார்" என்றார் அன்பழகன். "அப்படி ஒண்ணும் கிடையாது. காலைல லைன்ல கை வச்சது இவங்க. இப்ப ரூட்டர் மேல பழி போட்டா எப்படி?"

இதைச் சொன்னபோது அது பொய் இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார். அவருக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். இனிமேல் அவருக்காகச் சொல்ல என்னிடம் அதிகம் இருக்காது.

"ரெண்டு நிமிஷம் குடுங்க சார், காட்டிடறேன்" என்று வினோதா எழுந்தாள்.

"நீ எதையும் தொட வேண்டாம். தொட்டதெல்லாம் போதும்" என்றார் சிவக்குமார். அங்கேயே அவளுடைய பாஸ்வேர்டை முடக்கச் சொன்னார். "அன்பு, நீ போய்ப் பாரு."

வினோதா வராந்தாவில் நின்றாள். அன்பழகன் ரூட்டர் அறைக்குள் தனியாகப் போனார்.

எதை எந்த லைனில் அனுப்புவது என்று தீர்மானிக்கிற பெட்டியான இந்த ரூட்டர் எப்படி வழி பிடிக்கிறது என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். ஒரே இடத்துக்குப் போக ஒரு ரூட்டருக்குப் பல பேர் வழி சொல்வார்கள். அலைவழியின் சொந்த ரூட்டர்கள் ஓஎஸ்பிஎஃப் என்ற முறையில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வடக்கே பூவம் வழியாக வருகிற மெயின் லைனைப் பற்றிய சேதி அப்படித்தான் வந்துசேரும். நாகூரில் இவர்கள் வாங்கிப்போட்ட ஒரு பழைய கம்பெனியின் ரூட்டர்களோ ரிப் என்ற பழைய முறையில் பேசும். முதலாவது, லைன் எவ்வளவு அகலம் என்று பார்த்துக் கணக்குச் சொல்லும். இரண்டாவது, எத்தனை ரூட்டரைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிச் சொல்லும். ஒருவர் நெல்லை மரக்காலில் அளந்து சொல்கிறார், இன்னொருவர் மூட்டையை எண்ணிச் சொல்கிறார் என்றால், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து எது குறைவு என்று எப்படிப் பார்ப்பது? அதனால் ரூட்டர் அந்தக் கணக்குக்கே போவதில்லை. வழி சொன்னது யார் என்று மட்டும் பார்க்கிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு நம்பிக்கை எண் உண்டு. எண் சிறிதானால் நம்பிக்கை அதிகம். ஓஎஸ்பிஎஃப்புக்கு நூற்றுப்பத்து, ரிப்புக்கு நூற்றிருபது. மனிதன் உட்கார்ந்து கையால் எழுதிய வழிக்கு வெறும் ஒன்று. மனிதன் தெரியாமலா எழுதியிருப்பான் என்கிற மரியாதை அது. அவன் எழுதிவிட்டால் மற்ற இரண்டு பேரும் எவ்வளவு நல்ல வழி வைத்திருந்தாலும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால்தான் ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு மாற்று வழியைக் கையால் எழுதும்போது, அந்த வரியின் கடைசியில் இருநூற்றைம்பது என்று ஒரு பெரிய எண்ணைச் சேர்த்துவிடுவார்கள். வேறு யாரும் வழி சொல்லாதபோது மட்டும் என்னை நம்பினால் போதும் என்று அதற்கு அர்த்தம். அந்த எண்ணை மறந்தால், மாற்று வழியே மெயின் வழியாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம் அன்பழகன் இதைத் தொண்டை வறளக் கத்துவார். ஒருமுறை வினோதா மறந்துவிட்டபோது, எல்லோர் முன்னாலும் "சோறு திங்க மறப்பியா நீ?" என்று கேட்டு அவளை அழவைத்தார்.

அவர் ரூட்டரைத் திறந்தார். வினோதா சொன்ன வரி அங்கே இருந்தது. கையால் எழுதிய வழி, தெற்கே நாகூர் டவரைப் பார்த்து நிற்கிற வயர்லெஸ் டிஷ்ஷுக்குப் போகிற வழி. கடைசியில் எண் இல்லை.

எழுதியது யார் என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. மழைக்கு முன்னால் பூவத்தில் சாலை போடுகிறோம் என்று ஜேசிபி கேபிளை அறுத்த அன்று, ஒரு காதில் முதலாளியின் போனை இடுக்கிக்கொண்டு, "இதோ வந்துருச்சு சார், இதோ வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இவர் எழுதிய வரி அது. எழுதியதும் மையத்துக்கு லைன் வந்தது. கைராசி என்றார்கள். இவர் சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். மறுநாள் கேபிளை ஒட்டினார்கள், மெயின் லைன் வந்தது, ஆனால் ரூட்டர் அதைச் சட்டை பண்ணவில்லை. இத்தனை மாதமும் தேர்வு மையம் நாகூர் டிஷ்ஷிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அது நன்றாகவே ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை நாகூர் டவரில் கரண்ட் போனது. இந்தப் பக்கத்து டிஷ்ஷில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ரூட்டரும் அதை நம்பி, பிள்ளைகள் எழுதிய விடைகளையெல்லாம் செத்துப்போன வழியில் கொண்டுபோய்க் கொட்டியது. பூவத்து லைன் பக்கத்திலேயே முழு உயிரோடு நின்றுகொண்டிருந்தது.

இதையெல்லாம் புரிந்துகொள்ள அன்பழகனுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. புரிந்தவுடன் அவர் செய்த முதல் காரியம், கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தது.

சாத்தியிருந்தது. வரியை அழித்தார். கடைசி எண்ணோடு புதிதாக எழுதினார். மையத்துக்கு லைன் வந்துவிட்டது. வெளியே யாரோ "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கத்தினார்கள்.

"என்னய்யா பண்ணின?" என்று சிவக்குமார் அவர் தோளைத் தட்டினார்.

"மெயின் லைன்தான் சார் ஆடிக்கிட்டே இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுச்சே?"

வினோதா நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அன்பழகன் அவளைப் பார்க்கவில்லை. சிவக்குமாரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "அப்படி எதுவும் இல்லைங்க சார்" என்றார்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவளை வேலையைவிட்டு எடுத்தார்கள். "கவனக்குறைவாக நடந்துகொண்ட பெண் ஊழியர் நீக்கப்பட்டார்" என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் கம்பெனி ஒரு செய்தி போட்டது. காரைக்கால் என்ன பெரிய பட்டணமா? எந்தப் பெண், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் இருட்டுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அன்பழகனுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அதுவாவது நடந்தது. திங்கட்கிழமை டீக்கடையில் ஒருவர், "நீங்க இல்லேன்னா அன்னிக்கு கம்பெனியைக் கொளுத்தியிருப்பாங்க சார்" என்றபோது உடம்பெல்லாம் கூசியது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தார். ஆபீசில் வினோதாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டிப் போக மனம் வராமல், பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். முதலாளி அறைக்குப் போய் இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்தது. போகவில்லை. இன்று முதலாளிக்கு மனசு சரியில்லை, நாளைக்கு மீட்டிங் இருக்கிறது, வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் போகவில்லை.

அவர் மனைவி தேவிகா ஒரு பயிற்சி மையத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். சாப்பிடும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"உங்க ஆபீஸ்லேருந்து எடுத்தாங்களே ஒரு பொண்ணு, அதோட தங்கச்சி எங்ககிட்டதாங்க படிக்குது. முத்தமிழ்னு பேரு. அதுவும் அன்னிக்கு அந்தத் தேர்வுதான் எழுதிக்கிட்டு இருந்துச்சாம். அக்காகூடப் பேசுறதையே விட்டுருச்சாம். என் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டியேன்னு கேட்டுச்சாம். பாவம், கூடப் பொறந்தவளே அப்படிக் கேட்டா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? ஏங்க, சோத்தை எதுக்கு இப்படிப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூவத்துக்கு வண்டியை விட்டார். நியாயமாக முதலில் முதலாளியிடம் போயிருக்க வேண்டும். பூவத்துக்குப் போனதிலும் ஒரு தந்திரம் இருந்தது. அந்த வீட்டில் சொல்லிவிட்டால் மனசுபாரம் இறங்கிவிடும், அவர்கள் நல்லவர்களாக இருந்தால் மன்னித்தும் விடுவார்கள், ஆபீசுக்குச் சேதி போகாமலேகூட இருக்கலாம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனார். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனமாக விட்டிருந்தார்.

வினோதாவின் அம்மா குஞ்சம்மாவுக்கு அவரைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்க சார், வாங்க" என்று நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். ஃபேனைப் போட்டார். அப்பா வயலுக்குப் போயிருந்தார். முத்தமிழ் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றாள். வினோதா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவள் "வாங்க" என்று சொல்லவில்லை.

காபி வந்தது. அவர் டம்ளரைத் தொடவில்லை.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்" என்றார். "அன்னிக்குத் தேர்வு நின்னது வினோதாவால இல்லைங்க. தப்பு என்னோடது. முன்னாடி ஒருநாள் அவசரத்துல நான் ஒரு வரி எழுதினேன். அதுல ஒரு எண்ணை மறந்துட்டேன். அதனாலதான் எல்லாம் நின்னுபோச்சு. உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது போல் இருந்தது. குஞ்சம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

"உங்களை மாதிரி ஒரு மனுசரை நான் பார்த்ததில்லை சார். என் மவ பண்ணின தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு, இந்த வேகாத வெயில்ல வீடு தேடி வந்து சொல்றீங்களே! யாருக்குங்க வரும் இந்த மனசு?"

"இல்லைங்கம்மா, நெசமாவே..."

"எனக்குத் தெரியும் சார். ஊரே சொல்லுது, உங்க கை பட்டா எல்லாம் சரியாவும்னு. நீங்களாவது தப்புப் பண்றதாவது?" குஞ்சம்மா மகள் பக்கம் திரும்பினார். "ஏண்டி, மரம் மாதிரி நிக்கிற? உனக்காக எவ்வளவு தூரம் இறங்கி வந்து பேசுறாரு பாரு. வந்து கால்ல விழுந்து மன்னிப்புக் கேளுடி!"

குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவருக்கு மாலை போடாத குறை. தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. முத்தமிழ்கூட அவரைக் கோவில் சாமியைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்த பார்வையில் மட்டும் கோபம் அப்படியே இருந்தது.

வினோதா இடத்தைவிட்டு நகரவில்லை. அழவும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் அவர் விட்டிருந்தது இதைத்தான். 'நேத்துதாம்மா தெரிஞ்சுது' என்ற பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் போதும். மறதி யாருக்குத்தான் இல்லை? பெரிய மனுஷர், தெரிந்த உடனே ஓடி வந்தார் என்று பேர் கிடைக்கும். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்கும். ஆனால் அந்த வீட்டில் வினோதா சொன்னது அதற்குப் பிறகும் சந்தேகமாகவே கிடக்கும். தங்கச்சி கடைசிவரைக்கும் முழுசாக நம்ப மாட்டாள். தப்பைத் தலையில் போட்டுக்கொள்ள நல்லவன் ஒருவன் முன்வருவான். ஆனால் நான்தான் பொய் சொன்னேன் என்று இன்னொருவருக்காக யாராவது சொல்வார்களா?

அவர் தரையைப் பார்த்தார்.

"அன்னிக்கே தெரியும்."

"சத்தமா சொல்லுங்க சார். முத்தமிழுக்குக் கேக்கலை."

"அன்னிக்கே தெரியும்" என்றார் அன்பழகன். "ரூட்டரைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. வினோதா சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. கதவு சாத்தியிருக்கான்னு பார்த்துட்டு அதை அழிச்சேன். அப்புறம் வெளில வந்து, அப்படி எதுவுமே இல்லைன்னு ஓனர்கிட்ட சொன்னேன். வினோதா அப்ப பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அவங்க வேலை போகப்போவுதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

குஞ்சம்மாவின் கைகள் மெல்ல இறங்கின. இந்தத் தடவை அந்த வீட்டில் அவர் சொன்னதை எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்பது அவருக்கு நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது.

"அக்கா" என்றாள் முத்தமிழ். புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விசும்பினாள். வினோதா அவள் தலையில் ஒரு கையை வைத்தாள். கண்ணை அன்பழகன் மேலிருந்து எடுக்கவில்லை.

"நாளைக்குக் காலையில போன உடனே ஓனர்கிட்ட சொல்லிடறேன்மா" என்றார் அவர்.

"நாளைக்கு வேணாம் சார். ஞாயித்துக்கிழமை, அவரு வீட்டுலதான் இருப்பாரு. இப்பவே போவோம்." வினோதா ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தாள். "நானும் வர்றேன். அங்க நீங்க என்ன சொல்றீங்கன்னு நான் பக்கத்துல நின்னு கேக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்தபோது கால் நாற்காலியில் இடித்தது. காபி டம்ளரின் விளிம்புவரை அப்படியே இருந்தது, ஆடைகூடக் கட்டிவிட்டது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, கால் மாற்றி மாட்டுகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. வினோதா ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, அவர் முதலில் கிளம்பட்டும் என்று காத்திருந்தாள்.

குஞ்சம்மா வாசல்வரைக்கும் வந்தார்.

"போயிட்டு வாம்மா" என்று மகளிடம் மட்டும் சொன்னார்.